பைக்குள் அடங்கும் பிரௌனிங்

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். 1915இல் விவேகபோதினியில் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயரில் வெளியானது, நெடுங்காலம் தமிழின் முதல் சிறுகதை என்று போற்றப்பட்டது, தாகூரின் கதையொன்றின் சாயல் உண்டென்ற வாதம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு ருக்மிணியின் துயரத்துக்குள் நுழைவது என் வழக்கம். சென்ற பருவத்தில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இந்தக் கதைய எழுதினவருதானே வாஞ்சிநாதனுக்குச் சுடறதுக்குக் கத்துக் குடுத்தாரு? அது என்ன துப்பாக்கிங்க?"

"பிரௌனிங்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அன்றிரவு அந்தப் பதில் என்னை உறுத்தியது. புறநானூற்று வேலைப் பற்றி அரைமணி நேரம் பேச முடிகிற எனக்கு, இருபதாம் நூற்றாண்டுத் தமிழக அரசியலில் மிகப் பெரிய அதிர்வை உண்டாக்கிய ஆயுதத்தைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ஏன் பிரௌனிங்? ஒளித்து எடுத்துச் செல்லவும், தேவைப்படும் கணத்தில் ஏமாற்றாமல் இருக்கவும் வேண்டிய ஓர் ஆயுதத்தை அந்த இளைஞர்கள் எப்படித் தேர்ந்தார்கள்? இக்கட்டுரை அந்தத் தேடலின் விளைவு.

தேடல் தொடங்குமிடம் எங்கள் ஊர்தான். கோவையில் வ.உ.சி. பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களில் எத்தனை பேர், சற்றுத் தள்ளி நிற்கும் மத்தியச் சிறையின் மதிலை ஏறிட்டுப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அளித்த இரட்டை ஆயுள் தண்டனையோடு வ.உ.சி. கொண்டுவரப்பட்டது இந்தச் சிறைக்குத்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. சிறைக்குள் நடந்தது குறையவில்லை. மாட்டுக்குப் பதில் மனிதர் இழுத்த அந்தக் கல் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. கூடவே தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறைவாசத்தில் தொழுநோய்க்கு ஆளானார். எஞ்சிய காலத்தைக் கழித்து 1925இல் அவர் இறந்ததும் தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில்தான். சுதேசிக் கப்பல் கம்பெனி முடங்கிய நாட்களில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ். 1910இல் அவர் திருநெல்வேலி மாவட்டத்துக்கே கலெக்டரானார். செக்குக்கும் கப்பலுக்கும் அவரே பொறுப்பு என்று இளைஞர் கூட்டமொன்று நம்பியது. மணியாச்சி ரயில் நிலையத்தில் வெடித்த தோட்டாவின் பாதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு முனை கோவைச் சிறையின் செக்கடியில் போய் நிற்கிறது.

மறுமுனை பெல்ஜியத்தில் இருக்கிறது.

ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்காவின் யூட்டா பகுதியில், துப்பாக்கி செய்யும் தந்தைக்கு மகனாக 1855இல் பிறந்தவர். அவர் வடிவமைத்த சிறிய தானியங்கிப் பிஸ்டலை லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்டால் ஆலையில் எஃப்.என். நிறுவனத்தார் தயாரிக்கத் தொடங்கினர். 1900ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர் பெற்ற அதன் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். எடை 625 கிராம் அளவு. கைப்பிடிக்குள் செருகும் தகட்டுறையில் 7 தோட்டாக்கள். ஏறத்தாழ ஏழு லட்சம் எண்ணிக்கையில் அது விற்றுத் தீர்ந்தது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்பது கைத்துப்பாக்கிக்கே பொதுப்பெயராகிவிட்டது.

அதற்கு முன் கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர்தான். பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட வெப்ளி ஏறக்குறைய ஒரு கிலோ கனக்கும். தோட்டாக்களைச் சுமந்து சுழலும் அதன் உருளை பக்கவாட்டில் புடைத்து நிற்கும். சட்டைக்குள் வைத்தால் வயிற்றில் கட்டி வந்தவன் மாதிரி தெரியும். பிரௌனிங் தட்டையானது. மடித்த வேட்டியின் இடுப்பிலும் சட்டைப் பையிலும் அது காணாமல் போய்விடும். ஆனால் நம்பகம் என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். தானியங்கியில் அப்படியில்லை. வெடித்த தோட்டாவின் உந்துதலே பழைய கூட்டை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்றுகிறது. ஒன்று வெடிக்கவில்லை என்றால் சங்கிலியே அறுந்துவிடும். கையால் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும், நடுங்காத கையும் வேண்டும். ஆகவே தட்டையான துப்பாக்கியைத் தேர்ந்தவர்கள் ஒருவிதத்தில் தொலைதூர ஆலையொன்றின் நேர்மையை நம்பினார்கள். தோட்டாவும் புகையில்லா மருந்தால் ஆனதாக இருக்க வேண்டும். கரிமருந்தின் கசடு தானியங்கியின் நுண்ணிய பாகங்களை அடைத்துவிடும். (இதே புகையில்லா மருந்தைப் பேரரசின் படைக்காகத் தயாரிக்க நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்ததும் இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்த நிலையத்தைக் கடக்கிறார்கள்.)

இந்தச் சின்னப் பொருள் உலகை என்ன பாடு படுத்தியது என்பதற்கு மூன்று தேதிகள் போதும். 1904 ஜூன் 16, ஹெல்சிங்கி: பின்லாந்தின் ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவை ஆய்கன் ஷவ்மன் என்ற இளைஞன் பிரௌனிங்கால் சுட்டான்; அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டான்; ஜார் மன்னருக்கு எழுதிய கடிதம் அவனிடம் இருந்தது. ஆளுநர் இறந்தது மறுநாள், ஜூன் 17. 1909 அக்டோபர் 26, ஹார்பின் ரயில் நிலையம்: ஜப்பானின் இதோ ஹிரோபூமியைக் கொரியரான ஆன் ஜுங்குன் சுட்டது அதே மாதிரியால். 1914 ஜூன் 28, சரயேவோ: பிரின்சிப்பின் கையில் இருந்தது எஃப்.என். ஆலையின் 1910ஆம் ஆண்டு மாதிரி. முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் தமிழனுக்கு உடல் ஒருகணம் சிலிர்க்கும். ஜூன் 17, ரயில் நிலையம், கடிதம், தற்கொலை எல்லாமே மணியாச்சியில் திரும்பி வந்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. ஒரே கருவி ஒரே மாதிரியான காட்சிகளைக் கோருகிறது என்றுதான் தோன்றுகிறது. ஒளித்துக் கொண்டுபோகும் சிறு துப்பாக்கிக்குத் தூரத்திலிருந்து குறிவைக்க இயலாது. இலக்கின் முகம் தெரியும் அருகாமைக்குப் போக வேண்டும். அவ்வளவு அருகில் போனவன் திரும்பி வருவது அரிது.

இந்தியாவில் இந்தத் துப்பாக்கியை வாங்க முடியாது. லிட்டன் பிரபு கொண்டுவந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. இந்த ஆயுதப் பறிப்புக்கு நம் பக்கத்தில் இன்னும் பழைய வேர் உண்டு. 1801இல் பாளையக்காரர்களின் ஆயுதங்களைக் கும்பினி பறித்தது. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது. ஆடிப்பெருக்குக்கு ஆண்டுதோறும் கொங்கு மக்கள் சங்ககிரிக்கும் ஓடாநிலைக்கும் போய் வருகிறார்கள். வேல்கம்பும் கருமருந்துத் துப்பாக்கியும் வீட்டில் இருப்பது இயல்பாக இருந்த ஒரு சமூகம், ஒரு தலைமுறைக்குள் அரிவாளோடு நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் இதே இந்தியன் லண்டனுக்குப் போய்விட்டால் கதை வேறு. அங்கே 1903ஆம் ஆண்டுப் பிஸ்டல் சட்டப்படி பத்து ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்கினால் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். மதன்லால் திங்ரா 1909 ஜனவரியில் லண்டன் கடையொன்றில் மூன்று பவுனுக்குச் சற்று மேல் கொடுத்து ஒரு கோல்ட் தானியங்கி வாங்கினார் (அதுவும் பிரௌனிங் வடிவமைத்ததே). டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த சுடுகளத்தில் மாதக்கணக்கில் பழகினார். 1909 ஜூலை 1 அன்று கர்ஸன் வைலியைச் சுட்டார். இடையில் தடுக்க வந்த லால்காகா என்ற பார்சி மருத்துவரும் இறந்தார். பேரரசின் தலைநகரில் கிடைத்த ஆயுத உரிமை, பேரரசின் குடிமகனுக்குச் சொந்த ஊரில் கிடைக்கவில்லை.

அதே 1909இன் தொடக்கத்தில் சாவர்க்கர் 20 பிரௌனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு அனுப்பினார். இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் பொய் அடித்தட்டுக்குள் அவற்றை ஒளித்துக் கொண்டுவந்தார் என்பதை 1918இன் ரௌலட் குழு அறிக்கையிலேயே காணலாம். அவற்றில் ஒன்று 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் நாடக அரங்கில் கலெக்டர் ஜாக்சனின் உயிரைக் குடித்தது. ஜாக்சன் வடமொழி கற்றவர். தமக்களிக்கப்பட்ட பிரிவு உபசாரமாக மராத்தி நாடகம் பார்க்க வந்திருந்தார். இந்தியா ஹவுஸ் வட்டத்தில் சாவர்க்கருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், திருச்சி வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் படிப்புக்குப் போன ஐயர். 1910இல் அவர் மாறுவேடத்தில் லண்டனை விட்டு நீங்கிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

புதுச்சேரி பிரெஞ்சு மண். ஆயுதச் சட்டம் அதன் எல்லையில் நின்றுவிடும். பாரதியும் அரவிந்தரும் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு 1911 தொடக்கத்தில் புனலூரிலிருந்து ஒருவர் வந்தார். செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை, வயது இருபத்தைந்து. நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரதமாதா சங்கத்தில் சேர்ந்தவர். ஐயர் அவருக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி அளித்தார். அந்தப் பயிற்சியின் கணக்கை யோசித்துப் பார்க்கிறேன். திங்ராவுக்குச் சுடுகளமும் கடைத் தோட்டாவும் இருந்தன. வாஞ்சிக்குக் கிடைத்த ஒவ்வொரு தோட்டாவும் கடல் கடந்து திருட்டுத்தனமாக வந்தது. துப்பாக்கி நம்பத்தக்கதா என்று அறியச் சுட்டுப் பார்க்க வேண்டும். சுடச் சுடக் கையிருப்பு குறையும். சோதிக்காமல் நம்பவும் முடியாது, சோதித்துத் தீர்க்கவும் முடியாது. கம்பனின் சந்த நயத்தை ரசித்துச் சொல்லத் தெரிந்த ஐயர் இந்தக் கணக்கை எப்படிப் போட்டிருப்பார்? அவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கக் கூடிய செயலும் அல்ல.

1911 ஜூன் 17 காலை. ஆஷ் தம் மனைவியுடன் திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானலுக்குப் பயணமாகிறார். மணியாச்சியில் அவர்களது முதல் வகுப்புப் பெட்டி தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்து நிற்கிறது. நேர்த்தியாக உடுத்திய ஒருவரும் வேட்டி அணிந்த இளைஞர் ஒருவரும் நெருங்குகிறார்கள். முன்னவர் பெட்டிக்குள் ஏறிப் பெல்ஜியப் பிரௌனிங்கை எடுத்து ஆஷின் நெஞ்சில் சுடுகிறார். ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். வெடிச்சத்தம் அதில் கரைந்தது என்கிறார்கள். ஓடிய வாஞ்சி நடைமேடைக் கழிப்பறைக்குள் புகுந்து தம் வாயில் சுட்டுக்கொண்டார். இரண்டு முறையும் துப்பாக்கி ஏமாற்றவில்லை. வழக்கில் 14 பேர் நிறுத்தப்பட்டனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. சந்தேகத்துக்குள்ளான தர்மராஜ ஐயர் நஞ்சுண்டும் வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டும் இறந்தனர். புதுச்சேரியில் இருந்த ஐயரைப் பிரிட்டிஷ் போலீஸ் கண்காணிக்க முடிந்தது, கைது செய்ய முடியவில்லை.

வாஞ்சியின் பையில் கிடைத்த கடிதத்தை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். ஐந்து நாள் கழித்து, ஜூன் 22இல், முடிசூட இருந்த ஐந்தாம் ஜார்ஜைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தார் உறுதி பூண்டிருப்பதாக அது சொல்கிறது. அந்த மன்னரை இழித்துரைக்க அது கையாளும் சொல், கோமாமிசம் தின்னும் பஞ்சமன் என்பது. சனாதன தர்மத்தைக் காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இதைப் பாடநூல்கள் கத்தரித்துவிடுகின்றன. எதிர்த்தரப்பில், தாழ்த்தப்பட்ட கர்ப்பிணிப் பெண் ஒருத்தியை அக்கிரகாரத் தெரு வழியே வண்டியில் கொண்டுசென்றதற்காகவே ஆஷ் கொல்லப்பட்டார் என்றொரு கதை உலவுகிறது. ஆஷ் பற்றி ஆவணக் காப்பகங்களில் நெடுநாள் தேடிய ஆ.இரா. வேங்கடாசலபதி போன்றவர்களின் ஆய்வு இதற்குச் சான்று தரவில்லை. கதைக்குச் சான்றில்லை என்பதால் கடிதம் தூய்மையாகிவிடாது. கடிதம் அப்படி இருப்பதால் செக்கு பொய்யாகிவிடாது. கோவைச் சிறையில் இழுத்த செக்கையும் மணியாச்சிக் கடிதத்தின் அந்தச் சொல்லையும் ஒரே வகுப்பில், ஒரே மணிநேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மாணவர்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லால் சுட்டப்பட்ட மக்களின் பிள்ளைகள். வாஞ்சியின் துணிவை அவர்கள் முன் மறைக்கவும் மாட்டேன். அந்தச் சொல்லை மறைக்கவும் மாட்டேன். இதைச் சொன்னதற்காக மூத்த நண்பர் ஒருவர் என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

பின்னர் நடந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ரோடா கம்பெனி சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் களவு போயின. மௌசர் பெரிது, தூரம் பாய்வது, ஆனால் பைக்குள் அடங்காது. 1928இல் சாண்டர்ஸைச் சுட்ட பகத்சிங்கின் துப்பாக்கியும், 1931இல் அலகாபாத் பூங்காவில் ஆசாத் கையில் இருந்ததும் .32 கோல்ட்கள். ஆசாதினுடையதன் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும்; பையிலிருந்து உருவும்போது துணியில் சிக்காதிருக்க அந்த ஏற்பாடு. அதுவும் பிரௌனிங்கின் மூளைதான்.

இந்த .32 என்ற எண்ணில்தான் சுவையான விஷயம் இருக்கிறது. படையும் போலீசும் கையாளும் குறுக்களவுகளைக் குடிமக்கள் கையாளக் கூடாது என்பது பிரிட்டிஷார் காலத்து அச்சம். படைச்சாலையில் திருடிய தோட்டா ஊரார் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாதல்லவா? விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் நிற விலக்கை ஏற்கவில்லை; குறுக்களவு அச்சத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 9 மில்லிமீட்டர் தடை, .303 தடை. ஆகவே இன்று இந்தியக் குடிமகன் உரிமம் பெற்றுப் பிஸ்டல் வாங்கினால் அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32, அதாவது பிரௌனிங்கின் 1900ஆம் ஆண்டு மாதிரிக்காக உருவான அதே 7.65 மில்லிமீட்டர் தோட்டா. அரசுப் படைக்கலச் சாலைகள் செய்யும் அசானி பிஸ்டலும் அதையே சுடுகிறது. 1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி தனியாருக்கு அடைபட்டுப் போனதால் பழைய வெப்ளிகளும் வால்தர்களும் கைமாற்றில் மலைக்க வைக்கும் விலைக்குப் போகின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. மோட்டாரும் பம்பும் செய்து நாட்டுக்கே அனுப்பிய கோயம்புத்தூர்ப் பட்டறைகள் துப்பாக்கியின் பக்கம் போனதில்லை; சட்டம் விடவில்லை. இப்போது பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் ஓசூரும் இருக்கின்றன. கொங்கு மண்ணில் என்ன வார்க்கப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

என் அப்பிச்சியின் தம்பி பல்லடம் பக்கம் தறி வைத்திருந்தவர். சம்பளப் பணத்தோடு இரவில் பயணிக்க வேண்டியிருந்த காலத்தில் உரிமம் எடுத்து ஒரு பழைய .32 வாங்கினார். நான் சிறுவனாக இருந்தபோது இரும்பு பீரோவின் மேல்தட்டில், தோலுறைக்குள், எண்ணெய் வாசனையோடு அதைப் பார்த்திருக்கிறேன். தொட விடமாட்டார். தேர்தல் அறிவித்தால் உரிமக்காரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வெள்ளை வேட்டி சட்டையோடு, திருமணத்துக்குப் புறப்படுவது மாதிரி கிளம்புவார். எத்தனை முறை சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சுடறதாவது கண்ணு. இதைய வெளிய எடுக்கறதே டேசன்ல குடுக்கறதுக்குத்தான்."

வேலை செய்யுமா என்று கேட்டதற்குச் சற்று யோசித்தார். "அது தெரியலீங்க சாமி" என்றார். பேரப்பிள்ளைகளை அவர் அப்படித்தான் அழைப்பார். அவர் காலமான பிறகு உரிமத்தை ஒப்படைத்துத் துப்பாக்கியை முறைப்படி விற்பனையாளரிடம் சேர்த்துவிட்டார்கள். தோலுறை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. சின்ன அமுச்சி அதில் பீரோச் சாவிகளைப் போட்டு வைத்திருக்கிறார்.